பார்க் வாசலுக்கு எதிரே இருந்த ஹோட்டல்

கண்ணு,

நீ அனுப்பிய மூன்று ஹோட்டல்களின் படங்களும் போன ஞாயிற்றுக்கிழமையே என் போனுக்கு வந்துவிட்டன. குழந்தைகளின் விடுமுறையில் அந்தப் பெரிய தீம் பார்க்குக்குப் போகிறோம், நீங்களும் வருகிறீர்கள், தங்குவதற்கு இந்த மூன்றில் ஒன்றை நீங்களே சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். கடைசி வரியில், "ஸ்டார் ஹோட்டல் விஷயத்துல நம்ம வீட்ல நீங்கதானேப்பா எக்ஸ்பர்ட்" என்று போட்டுச் சிரிக்கிற முகம் ஒன்றையும் சேர்த்திருந்தாய். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். ஒரு வாரமாகப் பதில் போடவில்லை. நேற்று நீ கூப்பிட்டபோது மழை, சிக்னல் இல்லை என்றேன். குன்னூரில் மழை வந்தால் சிக்னல் போகும் என்று உனக்குத் தெரியும், நம்பிவிட்டாய். நேற்று இங்கே மழையே இல்லை.

போனில் சொல்ல வராத விஷயம் இது. நான் ஆரம்பித்தால் நீ "சரி விடுங்கப்பா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். இருபது வருடத்துக்கு மேலாக நாம் இரண்டு பேரும் அப்படித்தான் விட்டுக்கொண்டே வந்திருக்கிறோம். அதனால் எழுதுகிறேன். என் மருமகள் மலரும் படிக்கட்டும். உன் பெரியவளுக்கு இப்போது தமிழ் எழுத்துக்கூட்டத் தெரியும் என்றாயே, அவளும் ஒரு நாள் படிக்கட்டும். ஒளிக்க வேண்டியது எதையும் நான் இனி ஒளிப்பதாக இல்லை.

நீ எட்டாவது படித்தபோது தேயிலை விலை விழுந்தது. அதற்கு முன்பும் விழுந்திருக்கிறது, ஆறு மாதத்தில் எழுந்திருக்கிறது. அந்த முறை எழவில்லை. பறித்த பச்சை இலையை வாங்க ஆளில்லாமல் சிறு தோட்டக்காரர்கள் மூட்டை மூட்டையாக ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். நம் எஸ்டேட் ஃபாக்டரி வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடியது. தூள் தயாரிப்பைப் பார்க்கிற டீமேக்கர் என்று எனக்குப் பெயர், ஆனால் மீதி ஐந்து நாளும் காலியாகக் கிடந்த, இலை வாட்டும் தொட்டிகளைச் சுற்றி வந்து பூட்டுகளைச் சரிபார்ப்பதுதான் வேலை. தொழிலாளர் லயங்களில் இருந்தவர்கள் குடும்பம் குடும்பமாகத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு இறங்கினார்கள். இலை பறிக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற, உன் அம்மா ஆயாவாக இருந்த பிள்ளைக் காம்பராவில் இருபத்து மூன்று குழந்தைகள் இருந்தது போய், ஆறாகி, பிறகு யாருமில்லாமல் ஆனது. செலவைக் குறைக்க எஸ்டேட் டிஸ்பென்சரியையும் மூடினார்கள். உன் அம்மா மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியதைப் பார்க்க அங்கே யாரும் இல்லாமல் போனது அப்படித்தான். பனிக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவளும் சொன்னாள், நானும் நம்பினேன். அது என் முதல் தப்பு.

நீ ஒன்பதாவது முடிக்கப் போகிற சமயத்தில் ஒரு நாள், பந்தலூரில் மாமா வீட்டில் விசேஷம் என்று உன்னிடம் சொல்லிவிட்டு, அவளைக் கோயம்புத்தூரில் இருதய டாக்டரிடம் கூட்டிப்போனேன். சிறு வயதில் வந்த காய்ச்சலில் வால்வு கெட்டிருக்கிறது, இத்தனை வருடத்தில் நுரையீரலும் கெட்டுவிட்டது, ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார் அவர். இன்னொரு டாக்டரிடமும் காட்டினேன். அவரும் அதையேதான் சொன்னார். மாத்திரை கொடுத்தார்கள், படி ஏறக் கூடாது என்றார்கள். எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை. அவள் கேட்டாள். டாக்டர் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "வருஷக் கணக்கா சொல்ல முடியாதும்மா" என்றார்.

திரும்புகிற பஸ்ஸில் மேட்டுப்பாளையம் வரை அவள் டாக்டர் சீட்டை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். மலை ஏற ஆரம்பித்ததும் சொன்னாள்: "என்னாங்க, அவன்கிட்ட சொல்லாதீங்க. பத்தாவது பரிச்ச எழுதி முடிக்கட்டும். அது வரைக்கும் நா தாங்குவேன்." சரி என்றேன். இன்னும் இரண்டு வளைவு போன பிறகு கேட்டாள்: "அந்தப் பார்க்குக்குப் போயிட்டு வந்துருவமா?"

எந்தப் பார்க் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. பேப்பரில் வந்த விளம்பரத்தைக் கத்தரித்து நீ பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாய். கேரளத்தில் புதிதாகத் திறந்திருந்தார்கள், பெரிய ராட்டினமும் தண்ணீர் சறுக்குகளுமாக. போனஸ் வந்ததும் போகலாங்கண்ணு என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். போனஸ் நின்றுபோன பிறகு நீ கேட்பதை நிறுத்திவிட்டாய். படத்தை மட்டும் கிழிக்கவில்லை.

"உன்னால அங்கெல்லாம் நடக்க முடியாதே புள்ள" என்றேன்.

"எனக்கு ஏலாதுதான். நா எதுக்கு நடக்கணும்? பார்க் வாசலுக்கிட்டயே எடம் பாருங்க. படி இல்லாத எடமா. நா ரூமுல படுத்துக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க." பிறகு கழுத்துச் சங்கிலியைத் தொட்டுக் காட்டினாள். "இது இருக்குல்ல. இத வச்சுக்கிட்டு நா என்னா பண்ணப் போறேன்."

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் டிராவல்ஸ் வைத்திருந்த பாயிடம் போய் விசாரித்தேன். அவரிடமும் மூன்று ஹோட்டல்தான் இருந்தன, உன்னிடம் இருப்பது போலவே. ஒன்று ஊருக்குள் இருந்த லாட்ஜ். உன் ஸ்கூல் பையன்கள் டூர் போய்த் தங்கியதும் அதில்தான், மூன்று மாடியும் படிக்கட்டு. அடுத்தது கொஞ்சம் நல்லது, ஆனால் பார்க்குக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மூன்றாவது, பார்க் வாசலுக்கு நேர் எதிரே ரோட்டைத் தாண்டினால் வருகிற நட்சத்திர ஹோட்டல். "லிஃப்ட் இருக்குங்களா?" என்று கேட்டேன். பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "லிஃப்டெல்லாம் இருக்கு சார். ஆனா டீத்தூள் வெல கெடக்குற கெடைக்கு, இந்த நேரத்துல உங்களுக்கு எதுக்கு சார் இது?" என்றார். நல்ல மனுஷன், என் நன்மைக்குத்தான் சொன்னார். சங்கிலியை விற்ற பணத்தைக் கொடுத்து மூன்றாவதையே எழுதச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் நீ கேட்டாய். அம்மாவின் கழுத்தில் சங்கிலி இல்லாததை வந்த உடனேயே பார்த்துவிட்டாய். லாட்ஜ் போதுமேப்பா, எல்லாரும் அங்கேதானே தங்குகிறார்கள் என்றாய். அம்மா அடுப்படியில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒரு தடவையாச்சும் அப்படி ஒரு ஹோட்டல்ல தங்கணுங்கண்ணு, ரொம்ப நாள் ஆசை" என்றேன். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது அதுதான். நீ "உங்க பெருமைக்கு அம்மா சங்கிலியா?" என்று கேட்டுவிட்டு வெளியே போனாய்.

அந்தப் பயணத்தில் நீ என்னோடு பேசவில்லை. உனக்கு அது நினைவிருக்கும். உனக்குத் தெரியாத பகுதியைச் சொல்கிறேன். மலையை விட்டு இறங்க இறங்க அவளுக்கு மூச்சு இலகுவானது. பாலக்காடு தாண்டும்போது ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். ஹோட்டலில் பெட்டியை வாங்க வந்தவரிடம் கொடுக்காமல் தானே தூக்கப் பார்த்தாள். நான்தான் பிடுங்கிக் கொடுத்தேன், அதையும் நீ தப்பாகத்தான் எடுத்துக்கொண்டாய். ரிசப்ஷனில் இருந்த மலையாளப் பெண், பின்பக்கம் தோட்டம் பார்த்த அறை அமைதியாக இருக்கும் என்று சொன்னபோது, உன் அம்மா, "வேணாம்மா, பார்க்கு தெரியிற பக்கமா குடு" என்று கேட்டு வாங்கினாள். மூன்றாவது மாடி. உள்ளே போனதும் கட்டில் விரிப்பை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். "ஒரு சுருக்கம் இல்ல பாருங்க. யாரோ ஒரு பொம்பள இழுத்து இழுத்து விரிச்சிருக்கா" என்றாள். வருடக்கணக்காக அடுத்தவர் பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்டித் துணி விரித்தவள் அவள். தேத்தண்ணி வேண்டும் என்றாள். வெள்ளைப் பாத்திரத்தில் வெந்நீரும் நூல் கட்டிய பொட்டலமும் வந்தன. நான் முகர்ந்து பார்த்துவிட்டு, "குப்பை டஸ்ட்டு" என்றேன். "ஒங்க ஃபாக்டரி தூளா இருக்கப் போவுது" என்று சொல்லி, மூச்சு வாங்குகிற வரை சிரித்தாள். நீ அப்போது வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாய்.

மறுநாள் காலை அவளை அறையில் விட்டுவிட்டு நாம் இரண்டு பேரும் கீழே சாப்பிடப் போனோம். அந்த ஹாலை நினைத்தால் எனக்கு இப்போதும் கூசுகிறது. நீ தட்டில் எதையும் வைக்காமல் உட்கார்ந்திருந்தாய். "சாப்பிடு கண்ணு, எல்லாம் காசு குடுத்ததுதான்" என்றேன். "அம்மா சங்கிலியத்தானே சாப்பிடறோம்" என்றாய், பக்கத்து மேஜைக்கும் கேட்கும்படி. அறைந்துவிட்டேன். பிறந்ததிலிருந்து உன்மேல் கை வைத்ததில்லை. ஜூஸ் ஊற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். நீ அழவில்லை. எழுந்து எனக்கு முன்னால் நடந்து ரோட்டைத் தாண்டி, பார்க் வாசலில் நின்றாய்.

உள்ளே போய், ராட்டினத்துக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நான் முப்பது அடி தள்ளி இன்னொரு பெஞ்சில். உன் மஞ்சள் சட்டை முதுகில் வியர்வை படர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலையில் வளர்ந்த பிள்ளை, அந்த வெயில் உனக்குப் பழக்கமில்லை. இரண்டு தடவை எழுந்து உன் பக்கம் வந்தேன், இரண்டு தடவையும் பாதியில் திரும்பினேன். மன்னிச்சிரு என்று ஒரு வார்த்தை. அப்போது வரவில்லை. வேலைக்காரர்களை எல்லாம் அதட்டி வேலை வாங்கிய வாய்க்கு அது வரவில்லை. மத்தியானம் இரண்டு பேருமே சாப்பிடவில்லை. நாலு மணிக்கு மேல் நீயாகவே எழுந்தாய். வெளியே போகும் வழியில் குழாயடிக்குப் போனாய். நான் மறைவில் நின்றதை நீ பார்க்கவில்லை. குழாயைத் திறந்து தலையை அடியில் கொடுத்தாய். சட்டைக் காலரை நனைத்தாய். பேண்டின் முழங்கால் வரை தண்ணீரை அள்ளி ஊற்றினாய். முதலில் எனக்குப் புரியவில்லை. அறைக் கதவைத் திறந்ததும்தான் புரிந்தது.

"எப்புடிடா இருந்துச்சு?" என்று அம்மா கேட்டாள்.

"செமயா இருந்துச்சும்மா. சறுக்குல எத்தன தடவன்னே தெரியல. அந்தப் பெரிய வீலுல ரெண்டு தடவ."

"அப்பாவும் ஏறுனாங்களா?"

நீ என்னைப் பார்த்தாய். இரண்டு நாளில் அப்போதுதான் பார்த்தாய். "ஏறுனாரும்மா. கண்ண மூடிக்கிட்டாரு" என்றாய்.

"ஆமா புள்ள, தல சுத்திருச்சு" என்றேன் நானும். அவள் உன்னைக் கட்டில் ஓரம் உட்கார வைத்து, ஹோட்டல் துண்டால் உன் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள். காய்ந்த பிறகும் துவட்டினாள்.

ஆடி மாதம் சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், நீ ஸ்கூலில் இருந்தபோது, அவள் கட்டிலில் படுத்தபடி என்னிடம் சொன்னாள்: "அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுலயும் ஏறல." நான் கையில் இருந்த மாத்திரையைக் கீழே வைத்தேன். "காலையிலேருந்து நா ஜன்னல்லதான் இருந்தேன். ஒக்காந்தேன், நின்னேன், திரும்ப ஒக்காந்தேன். ஆளுக்கொரு பெஞ்சு. மஞ்ச சட்ட நல்லா தெரிஞ்சுச்சு. என்னா வெயிலு. என்னாத்துக்கு சண்டன்னு எனக்குத் தெரியாமலா இருக்கும்?"

"தெரிஞ்சா ஏன் கேக்கல?" என்றேன்.

"கேட்டா அவன் அழுதுருவான். எனக்காகத் தலைய நனச்சிக்கிட்டு வந்த புள்ள." கொஞ்ச நேரம் மூச்சு விட்டுக்கொண்டாள். "எனக்கு அன்னைக்கு சந்தோசமாத்தான் இருந்துச்சுங்க. அம்புட்டு கோவத்துலயும் எனக்குன்னா ரெண்டு பேரும் ஒண்ணா சேந்துட்டீங்க. நா போனாலும் நீங்க ரெண்டு பேரும் இருந்துக்குவீங்கன்னு நெனச்சேன்."

நாம் அப்படி இருந்துகொள்ளவில்லை, கண்ணு. உன் பரீட்சை வரை தாங்குவேன் என்றவள் டிசம்பர்ப் பனியிலேயே போய்விட்டாள். நீ அரையாண்டுப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். உன்னை ஹாலில் இருந்து கூட்டி வந்தார்கள். பதினாறாம் நாள், பந்தலூரில் இருந்து வந்த மாமா குடும்பமெல்லாம் உட்கார்ந்திருக்கையில் நீ சொன்னாய்: "அந்த ஹோட்டலுக்குக் குடுத்தத ஒரு நல்ல டாக்டருக்குக் குடுத்திருந்தா அம்மா இருந்திருப்பாங்க." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து வெளியே போய் நின்றேன்.

அன்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். அது அம்மா தெரிந்தே கேட்ட கடைசிப் பயணம், அதில் பாதிக்கு மேல் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாய் என்பது உனக்குத் தெரிந்தால், பதினைந்து வயதில் அதை எப்படித் தாங்குவாய்? அதற்கு என்னை வெறுத்துக்கொண்டு இருப்பதே மேல். இது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. எனக்குக் கோபமும் இருந்தது. என்ன நடந்தது என்று நீ ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லையே என்ற கோபம். நீ வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தேன். நீ ஹாஸ்டலுக்குப் போனாய், காலேஜுக்குப் போனாய், வேலைக்குப் போனாய். நான் எஸ்டேட் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, வேறு ஃபாக்டரியில் சேர்ந்து, ரிட்டயரும் ஆனேன். நீ மாதம் தவறாமல் கூப்பிட்டாய், வேண்டியதை எல்லாம் வாங்கி அனுப்பினாய். கேட்கவே இல்லை. அந்தக் கோபத்தில், தலையை நனைத்துக்கொண்டு வந்த பிள்ளை என்று அவள் உன்னைப் பற்றிச் சொன்ன அந்த வார்த்தையையும் சேர்த்து வைத்துக்கொண்டேன். அது உனக்குச் சேர வேண்டியது. நான் செய்ததில் பெரிய தப்பு அதுதான். அன்று உன்னை அறைந்ததைவிடவும் பெரிய தப்பு.

இப்போது எழுதிவிட்டேன். இதைப் படித்து நீ வருத்தப்படுவாய். படு. ஆனால் ஈரத் தலையைத் துவட்டியபோது அவளுக்கு எல்லாம் தெரியும் என்பதையும், தெரிந்துதான் துவட்டினாள் என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்.

ஹோட்டல் விஷயத்துக்கு வருகிறேன். எக்ஸ்பர்ட் என்று சொல்லிவிட்டாயே, சொல்கிறேன். முதல் ஹோட்டலில் நீச்சல் குளம் ரொம்ப அழகாக இருக்கிறது, அரண்மனை மாதிரி வாசல். ஆனால் பார்க்குக்கு ஒரு மணி நேரப் பயணம் என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். விளையாடிக் களைத்த குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த ஒரு மணி நேரத்தை மலர்தான் சமாளித்தாக வேண்டும். மூன்றாவது, ஏரிக்கரையில் தனித்தனி வீடுகள். பெரியவர்களுக்கு நன்றாக இருக்கும், சின்னவளை ஒரு நிமிஷம் தனியாக விட முடியாது. இரண்டாவது பார்க்கை ஒட்டியே இருக்கிறது. சுவரில் பொம்மைப் படங்கள் வரைந்து கொஞ்சம் சந்தைக்கடை மாதிரிதான் தெரிகிறது, படத்தில் எடுபடவில்லை. பரவாயில்லை. நடுப்பகலில் ஒருத்தருக்கு முடியவில்லை என்றால் ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து படுக்கலாம், மற்றவர்கள் விளையாட்டை விட வேண்டியதில்லை. இந்த மாதிரிப் பயணத்தில் யாராவது ஒருவர் அறையில் இருக்க வேண்டி வரும். அது யார் என்று யோசித்து, அவருக்கு ஏற்ற மாதிரி அறையை எடு. மலரிடமும் கேள். படத்தைக் காட்டி எது அழகு என்று கேட்காதே. உனக்கு எங்கே சிரமம் இல்லாமல் இருக்கும் என்று கேள். நாங்கள் அந்தக் காலத்தில் பெண்களிடம் அப்படிக் கேட்கப் பழகவில்லை.

நான் வருகிறேன். ராட்டினத்தில் ஏறச் சொன்னால் ஏறுவேன். டாக்டர் ஒன்றும் தடை சொல்லவில்லை, கேட்டுவிட்டேன். ஒன்றே ஒன்று. என் வசதிக்காகப் பக்கத்திலேயே தனி அறை ஒன்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். அது வேண்டாம் கண்ணு, கேன்சல் செய்துவிடு. தனி அறை எனக்குக் குன்னூரில் இருக்கிறது. காலையில் எழுந்து நானே கதவைத் திறந்து, ராத்திரி நானே சாத்திக்கொள்கிற அறை. குழந்தைகள் படுக்கிற அறையிலேயே ஒரு மெத்தையைக் கீழே போடச் சொல். சின்னவள் தூக்கத்தில் உருண்டு வந்து உதைப்பாள் என்று மலர் சொல்லியிருக்கிறாள். உதைக்கட்டும்.

அப்பா